ஹெவி லைசென்ஸ் வரப்போகிறது, நேராக மும்பை லைனுக்கு ஏறலாமா?

ராசிபுரத்துப்பையன்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். ராசிபுரம் பக்கம் கிராமம். வயது 23. கார் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. டாடா ஏஸில் முட்டை, காய்கறி லோடு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஹெவிக்கு, அதாவது லாரி மாதிரி கனரக வண்டிக்கு, எல்எல்ஆர் என்ற பழகுநர் உரிமம் போட்டு டிரைவிங் ஸ்கூலில் பழகுகிறேன்.

பழகுகிறேன் என்று பெயர்தான். பழைய லாரி ஒன்று, அதில் ஐந்தாறு பேர். ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங். பைபாஸில் ஒரு ரவுண்டு, திரும்பி வந்து கிரவுண்டில் ரிவர்ஸ். வண்டி எப்போதும் காலி வண்டி. நாலாவது கியர் போட்டதே இல்லை. மாஸ்டரிடம் கேட்டால் ‘டெஸ்ட்டுக்கு இது போதும் தம்பி’ என்கிறார். டெஸ்ட்டுக்குச் சரி, வேலைக்கு?

சித்தப்பாவுக்குத் தெரிந்த ஓனர் ஒருவர், லைசென்ஸ் வந்த வாரமே பன்னிரண்டு சக்கர வண்டியில் மும்பை லைனுக்கு ஏற்றிவிடுகிறேன் என்கிறார். தனியாகத்தான் போகணும், கிளீனர் கிடையாது. இப்போது வருவதைவிட வருமானம் ரொம்ப அதிகம். அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். அப்பா எதுவும் சொல்லவில்லை. லைனில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள், ஏறலாமா?

பத்துசக்கரம்

ஏறாதே தம்பி. லாரி வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வண்டி, அந்த லைன், தனியாக, இந்த மூன்றும் சேர்ந்து முதல் வேலையாக வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் காலத்தில் டிரைவிங் ஸ்கூல் என்பது பேப்பர் வேலைக்கு மட்டும். தொழில் கற்றுக்கொண்டது கிளீனர் சீட்டில். வண்டி கழுவி, கிரீஸ் அடித்து, பஞ்சர் ஒட்டி, தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டி, ரிவர்ஸுக்குப் பின்னால் நின்று ‘வரலாம் வரலாம்’ சொல்லி, வருடக்கணக்கில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்போம். எந்த மேட்டில் எங்கே கியரை இறக்குகிறார், முன்னால் போகும் பஸ் பிரேக் லைட் போடுவதற்கு முன்னாலேயே ஏன் காலை எடுக்கிறார் என்பதெல்லாம் கண்ணுக்குப் பழகிவிடும். அப்புறம் ஒரு நாள் ராத்திரி, காலி ரோட்டில், அவராகவே ‘கொஞ்ச தூரம் ஓட்டு’ என்பார். ஸ்டியரிங் கைக்கு வரும்போது பாதித் தொழில் உள்ளே போயிருக்கும்.

இப்போது கிளீனர் சீட் காலி. பெரும்பாலான வண்டியில் ஒற்றை டிரைவர்தான். ஆக, உண்மையான பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது, பேப்பர் கொடுக்கிற பள்ளிக்கூடம் மட்டும் மிச்சம். உன் மாஸ்டர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்லித் தருவது டெஸ்ட்டுக்குத்தான்.

காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று இன்னும் உனக்குத் தெரியாது. ஆறு சக்கர லாரிக்கே சட்டப்படி வண்டியும் லோடும் சேர்த்து மொத்த எடை 18.5 டன் வரை. நீ கேட்கிற பன்னிரண்டு சக்கரம் லோடோடு 30 டன்னைத் தாண்டும். காலி வண்டியில் பிரேக் மிதித்தால் நின்ற இடத்தில், லோடு வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும். வளைவில் பின் சக்கரம் உள்பக்கம் வெட்டும். இடது முன் மூலையில் ஒரு டூவீலர் முழுதாக மறைந்துவிடும். இதையெல்லாம் யாராவது பக்கத்தில் இருக்கும்போது முதல் தடவை பார்க்கணும். தனியாக இருக்கும்போது பார்க்கக் கூடாது.

விதிஎண்31

லைசென்ஸ் விஷயத்தில் சில விவரம், மற்றவர்களுக்கும் பயன்படும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு, அதாவது வாடகைக்கு ஓடும் சரக்கு, பயணிகள் வண்டிக்கு, வயது 20 ஆகியிருக்க வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். முன்பு எட்டாவது பாஸ் கேட்டார்கள், 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள். மருத்துவச் சான்று படிவம் 1ஏ-வில் வேண்டும், சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்பது அதில் உண்டு. எல்எல்ஆர் போட்டு 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும்.

ராசிபுரம் தம்பி கவனிக்க வேண்டியது இது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 31-ஆவது விதி, டிரான்ஸ்போர்ட் வண்டிப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது என்கிறது. அதை முடித்தால்தான் ஸ்கூல் படிவம் 5, அதாவது பயிற்சி முடித்த சான்று, கொடுக்கலாம். ஐந்தாறு பேரை ஒரே வண்டியில் ஏற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டவிட்டால் 15 மணி எப்படி வரும்? சண்டை போடாமல், ஆனால் விடாமல் கேள். ‘சார், எனக்கு 15 மணி வரவில்லை, மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள்’ என்று கேட்டால் நிறைய மாஸ்டர்கள் கொடுப்பார்கள். பணம் கட்டியவன் நீ.

அரசுக்குப் போகிற பணம் குறைவுதான். எல்எல்ஆருக்கு ஒரு வகைக்கு 150, ஓட்டுத் தேர்வுக்கு 300, லைசென்ஸில் புது வகை சேர்க்க 500. மீதி நீ கொடுப்பதெல்லாம் ஸ்கூல் கட்டணம். அதற்கு ரசீது வாங்கு.

இன்னும் நன்றாகப் பழக வேண்டுமானால் நாமக்கல்லிலேயே அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. அங்கே போய் வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

வண்டிஓனர்_திருச்செங்கோடு

ஓனர் பக்கத்தையும் கேளுங்கள்.

பத்துசக்கரம் அண்ணன் சொன்னது நிஜம், கிளீனர் சீட் காலிதான். நாங்கள் வேண்டுமென்று காலி செய்யவில்லை. டீசல், டோல், இன்சூரன்ஸ், டயர், மாதத் தவணை எல்லாம் போக வாடகையில் நிற்பதில் இரண்டு பேருக்குப் பேட்டா, அதாவது பயணப்படி, கொடுக்க முடியவில்லை. கிளீனராக வருவதற்கும் பையன்கள் இல்லை. படித்த பையன் அழுக்குத் துணியைக் கையில் பிடிக்க வரமாட்டேன் என்கிறான், அதை நான் தப்பு சொல்லவும் மாட்டேன். இப்போது எல்லோரும் டிரைவர் இல்லை டிரைவர் இல்லை என்று புலம்புகிறோம். அதனால்தான் லைசென்ஸில் மை காய்வதற்கு முன்பே ஏற்றிவிடுகிறேன் என்கிறார்கள். ஆசையாக இருக்கும், நம்பாதே தம்பி. புதுப் பையனைத் தனியாக மும்பைக்கு அனுப்புகிற ஓனருக்கு வண்டி மேலும் அக்கறை இல்லை, உன் மேலும் அக்கறை இல்லை.

என்னிடம் புதிதாக வருகிறவர்களை முதல் சில மாதம் பழைய டிரைவரோடு இரண்டாவது ஆளாக அனுப்புவேன். பேட்டா பாதிதான். பகலில் நாலு வழிச் சாலையில் பையன் ஓட்டுவான். மலை, ஊருக்குள் போவது, லோடு ஏற்றும் இடத்தில் ரிவர்ஸ் எடுப்பது எல்லாம் பெரியவர். கொஞ்சம் கொஞ்சமாக மாறும். பெரியவர் போன் செய்து ‘இவன் போவான்’ என்று சொன்னால்தான் சாவி.

சங்ககிரிக்காரன்

பாதிப் பேட்டாவுக்கு யார் வருவார்கள் அண்ணா? ஏஸ் ஓட்டியே அதைச் சம்பாதித்துவிடலாமே. ஓட்ட ஓட்டத்தான் வரும். நானெல்லாம் நேராக ஏறினவன்தான். தைரியம் இருந்தால் போதும். மைலேஜ் எடுக்கிற வித்தை தெரிந்தால் ஓனரும் கையில் வைத்துத் தாங்குவார். இறக்கம் வந்தால் நியூட்ரல் போட்டு விட்டுக்கொண்டே போகணும். தொப்பூரில் மட்டுமே எவ்வளவு டீசல் மிச்சம் தெரியுமா?

பத்துசக்கரம்

சங்ககிரி, இதை இந்த இடத்தில் எழுதாதே. புதுப் பையன்கள் படிக்கிறார்கள்.

தருமபுரியிலிருந்து சேலம் வரும் பக்கம் தொப்பூர் கணவாய் இறக்கம். இரட்டைப் பாலம் பக்கம் எத்தனை வண்டி கவிழ்ந்திருக்கிறது, முன்னால் நின்ற எத்தனை கார் நசுங்கியிருக்கிறது என்று இந்த லைனில் ஓடுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். செத்ததில் நிறைய பேர் அவர்கள் பாட்டுக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

பட்டறை_குமாரபாளையம்

மெக்கானிக்காகச் சொல்கிறேன். நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்பதே இப்போதைய வண்டிக்குத் தப்பு.

புது வண்டியில் டீசல் பம்பை நடத்துவது கம்ப்யூட்டர். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டு அது டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க ஐடிலிங்குக்கு டீசல் ஊற்றியாகணும். ஆக, கியரில் இறங்கினால்தான் டீசல் மிச்சம். நியூட்ரலில் செலவு. இந்தப் பழக்கம் பழைய பம்ப் காலத்து ஆட்கள் வாய்வழியாகக் கொடுத்துவிட்டுப் போனது.

இனி பிரேக். எங்கள் பட்டறைக்கு இறக்கத்தில் போய் வந்த வண்டிகள் வரும். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்பக்கம் நீலம் பாய்ந்திருக்கும், மேலெல்லாம் மெல்லிய விரிசல். டிரம்மை உரசி நிறுத்தும் லைனர் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும். தொடர்ந்து பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி விரியும். லைனர் அதைத் தொட இன்னும் தூரம் நகரணும். காற்றழுத்தத்தால் லைனரைத் தள்ளிவிடும் சேம்பர் ராடு நகரக்கூடிய தூரம் தீர்ந்துபோகும். மீட்டரில் ஏர் இருக்கும், காலுக்கடியில் பெடல் இருக்கும், பிரேக் மட்டும் இருக்காது. ‘பிரேக் ஃபெயிலியர்’ என்று மறுநாள் பேப்பரில் வருவதில் நிறைய இதுதான். வண்டியில் ஒரு பாகமும் உடைந்திருக்காது.

இன்னும் மோசம், சிலர் இறக்கத்தில் இன்ஜினையே அணைத்துவிடுவார்கள். பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசர் நின்றுபோகும், புது ஏர் ஏறாது. மிதிக்க மிதிக்க இருக்கிற ஏரும் காலி. பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

இறங்க வேண்டிய முறை இது. கணவாய் ஆரம்பிப்பதற்கு முன்பே கியரைக் குறை, நடுவில் குறைக்கப் பார்க்காதே. இறக்கத்தில் வேகம் பிடித்த வண்டியில் சின்ன கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வாய். இந்த லோடோடு இந்த மேட்டில் எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரிலோ அதற்கும் ஒன்று கீழேயோ இறங்கு. புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு வை. வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தமாக ஒரு மிதி, வேகம் இறங்கினதும் காலை முழுக்க எடுத்துவிடு. டிரம் ஆறட்டும். பின்னால் ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும்.

சங்ககிரிக்காரன்

டீசல் நிற்கும் விஷயம் எனக்குப் புதுசு. என் வண்டி பழசு, அதில் எப்படி?

பட்டறை_குமாரபாளையம்

பழைய பம்பிலும் காலை எடுத்தால், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலைக் குறைத்துவிடும். அதில் சொட்டு மிச்சம் வந்தாலும், ஒரு செட் லைனரும் டிரம்மும் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். டிரம்மை மாற்றுவது என் பிழைப்பு, ஆனால் அந்த வருமானம் எனக்கு வேண்டாம் அண்ணா.

லைன்வீட்டம்மா

நான் டிரைவர் இல்லை, டிரைவர் வீட்டுக்காரி. தம்பியின் அம்மா வேண்டாம் என்று சொல்வதாக எழுதியிருந்தது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் வடக்கு லைன். கிளம்பினால் பத்து நாளோ இரண்டு வாரமோ. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் நான்தான், பள்ளிக்கூட மீட்டிங்கும் நான்தான். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ராத்திரிதான். ஓட்டிக்கொண்டிருக்கும்போது நான் கூப்பிட மாட்டேன், வண்டி நின்றதும் அவரே கூப்பிடணும், இதுதான் எங்களுக்குள் பேச்சு. உன் அம்மாவிடமும் இதைப் பேசி வைத்துக்கொள் தம்பி. கூப்பிட்டு எடுக்கவில்லை என்றால் அவர்களுக்கு உயிர் போகும், எடுத்தால் உனக்கு ஆபத்து.

சில காரியத்தை வண்டி ஏறுவதற்கு முன்பே முடி. பேங்க்கில் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் இருக்கிறது, பிரதமர் பெயரில் உள்ள திட்டங்கள், வருடத்துக்கு ஒரு தடவை பணம் பிடிப்பார்கள், தலைக்கு 2 லட்சம். இரண்டையும் போட்டு நாமினியாக அம்மா பெயரை எழுது. அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்துகொள். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை வரும், நிறைய டிரைவர் குடும்பம் பதியாமலே விட்டுவிடுகிறது. சம்பளத்தைப் பேங்க்கில் போடச் சொல். கையில் வாங்கினால் நாளைக்கு ஒன்று ஆனால், இவர் என்னிடம் வேலை செய்தார் என்பதற்கே அத்தாட்சி இருக்காது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அப்படித்தான் அலைந்தது.

உடம்பைப் பற்றியும் சொல்லணும். சிறுநீர் கழிக்க நிறுத்த இடம் இல்லை என்று தண்ணீரே குடிக்காமல் ஓட்டி, இவருக்குச் சிறுநீரகக் கல். சீட்டிலேயே உட்கார்ந்து மூலம். வெயிலில் கேபின் கொதிக்கும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று வந்திருக்கிறது, நல்லது. இவர் ஓட்டுவது பழைய வண்டி.

பத்துசக்கரம்

தங்கச்சி எழுதியதற்கு மேல் நான் தூக்கம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை, ஐந்து மணி ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று எழுதிவிட்டது. லைனில் யாரும் அதைப் பார்த்ததில்லை. முட்டை வண்டியும் காய்கறி வண்டியும் விடியற்காலைக்குள் மார்க்கெட்டில் நிற்கணும். பார்சல் வண்டிக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். சட்டம் நம்மைக் காப்பாற்றும் வரை நாமே காப்பாற்றிக்கொள்ளணும்.

ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து மணிக்குள் கண் சொக்கும். டீ, பாக்கு, முகம் கழுவுவது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். கடந்து வந்த ஊர் ஞாபகம் வரவில்லை என்றால், ஓடிக்கொண்டே தூங்கியிருக்கிறாய் என்று அர்த்தம். அடுத்து வரும் பங்க்கிலோ லாரி நிறுத்தும் இடத்திலோ ஓரம் கட்டு. ரோட்டோரத்தில் கட்டாதே, பின்னால் வருகிறவனும் தூக்கத்தில் வருவான். அரை மணி படுத்து எழுந்தால் போதும், லோடு ஒன்றும் ஓடிப்போகாது. வேலைக்குப் பேசும்போதே ஓனரிடம் கேட்டுவிடு: ‘தூக்கம் வந்தால் நிறுத்துவேன், லேட்டானால் பேட்டாவில் பிடிப்பீர்களா?’ அவர் சொல்கிற பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

டேங்கர்லைன்

நாமக்கல் ஏரியா என்பதால் இந்தக் கேள்வி நிச்சயம் வரும், முன்கூட்டியே சொல்கிறேன். கேஸ் டேங்கரில் சம்பளம் நல்லது, போகலாமா என்று பசங்கள் கேட்பார்கள். ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது. அபாயகரமான சரக்குக்கு மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிய வேண்டும். சாதாரண ஹெவி ஐந்து வருடம் செல்லும், இந்தப் பதிவு மூன்று வருடம்தான். ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் ஒரு நாள் வகுப்பு.

பேப்பர் இருந்தாலும் முதல் இரண்டு மூன்று வருடம் டேங்கர் பக்கம் வராதே. மூட்டை லோடு கட்டிய இடத்தில் இருக்கும். டேங்கில் அரைகுறையாக இருக்கும் சரக்கு நீ பிரேக் மிதித்ததும் முன்னால் வந்து மோதும், திரும்பினால் ஒரு பக்கம் சாயும். வண்டி நின்ற பிறகும் உள்ளே ஆடி, வண்டியை ஒரு தள்ளு தள்ளும். சாதா லோடு கைக்குப் பழகாதவனுக்கு அது புரியவே புரியாது.

பரமத்திப்பொண்ணு

இடையில் ஒரு கேள்வி. அப்பா லாரி டிரைவர். நானும் கார் லைசென்ஸ் வைத்திருக்கிறேன், ஹெவி எடுக்க ஆசை. டிரைவிங் ஸ்கூலில் போய்க் கேட்டால் சிரிக்கிறார்கள். பெண்களுக்குக் கொடுப்பார்களா?

விதிஎண்31

சட்டத்தில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே தமிழ்நாட்டு அரசு பஸ் ஓட்டுநராகச் சேர்ந்துவிட்டார். சிரிக்கிற ஸ்கூலை விட்டுவிட்டு வேறு ஸ்கூல் பார். அப்பா லைனில் இருக்கிறார், கூடவே உட்கார்ந்து பழகலாம், அந்த வசதி இந்தத் தம்பிக்குக்கூட இல்லை. முதல் வேலைக்குக் கம்பெனி வண்டி, ராத்திரி வீடு திரும்பும் லோக்கல் லோடு எனப் பார். நெடுஞ்சாலையில் பெண்கள் நிறுத்திக் குளிக்க, படுக்க நல்ல இடம் இன்னும் குறைவு. அந்தக் குறை உன்னுடையது இல்லை, ஆனால் கணக்கில் வை.

ராசிபுரத்துப்பையன்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் லைன்வீட்டம்மா அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். ‘இதைச் சொன்னவர்கள் நல்லா இருக்கணும்’ என்றார்.

மும்பை லைன் வேண்டாம் என்று அந்த ஓனரிடம் சொல்லிவிட்டேன். ‘அப்போ வேற ஆளைப் பார்க்கிறேன்’ என்று வைத்துவிட்டார். மாஸ்டரிடம் 15 மணி நேரத்தைக் கேட்டேன், முதலில் முகம் சுளித்தார், இப்போது காலையில் சீக்கிரம் வரச் சொல்லியிருக்கிறார். ஆறு சக்கர வண்டி, ஈரோடு சேலம் கரூர் சுற்று, பழைய டிரைவரோடு இரண்டாவது ஆள் என்று ஒரு வேலை பேச்சில் இருக்கிறது. பாதிப் பேட்டாதான்.

இரண்டு சந்தேகம். லைசென்ஸ் வரும் வரை ஏஸைவிடப் பெரிய வண்டி எதையாவது ஓட்டிப் பழக வழி உண்டா? இன்னொன்று, கேட்கவே பயமாக இருக்கிறது. ஆக்சிடென்ட் ஆகிவிட்டால் என்ன செய்யணும்? எல்லோரும் ‘இறங்கி ஓடிவிடு’ என்கிறார்கள்.

விதிஎண்31

முதல் கேள்விக்கு, வழி உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம். 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது. பிக்கப், டாடா 407 மாதிரி வண்டி கிடைத்தால் ஓட்டு. ஆர்சி என்ற பதிவுச் சான்றில் மொத்த எடையைப் பார்த்துவிட்டு ஏறு, ஓனர் வாய்ச்சொல்லை நம்பாதே. எடை தாண்டியிருந்து விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி உன் லைசென்ஸைத்தான் முதலில் கேட்கும்.

இரண்டாவது. மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவு டிரைவரின் கடமையைச் சொல்கிறது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதைச் செய், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல். கூட்டம் அடிக்க வந்தால் அங்கே நின்று அடி வாங்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்லவில்லை, அதற்கு விலக்கு கொடுத்திருக்கிறது. அதனால் 108-க்குக் கூப்பிடு, 112-க்குக் கூப்பிடு, நிற்க முடிந்தால் நில். உயிருக்குப் பயம் என்றால் நேராகப் பக்கத்து ஸ்டேஷனில் போய் உட்கார். ஊருக்கு ஓடுவது வேறு, ஸ்டேஷனுக்குப் போவது வேறு.

2024 ஜனவரியில் நாடு முழுக்க லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்களே, அது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(2)-க்காக. கவனமில்லாமல் இடித்து உயிர் போய், சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் வரை சிறை என்றது. அந்த ஜூலை 1-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். கவனக்குறைவால் மரணம் என்ற 106(1) இருக்கிறது, ஐந்து வருடம் வரை. ஓடினவனுக்கு ஜாமீனிலிருந்து இன்சூரன்ஸ் வரை எல்லாமே கஷ்டமாகும்.

வண்டிஓனர்_திருச்செங்கோடு

ஓடாதே. ஓனருக்கும் உடனே போன் செய். போன் எடுக்காத ஓனர் என்றால் அடுத்த மாதம் வேறு வண்டி பார்.

பத்துசக்கரம்

நல்ல முடிவு தம்பி. பாதிப் பேட்டா என்று யோசிக்காதே. கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிற சீட் இப்போது கிடைப்பதே அபூர்வம்.

அந்தப் பெரியவரோடு போகும்போது அவர் சொல்வதற்கு முன்னால் நீயாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காலையில் சாவி போடுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்று. லிவரை எடுத்து ஒவ்வொரு டயரையும் தட்டு. பின்னால் ஜோடி டயரில் உள் டயர் கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் சொல்லும். நல்ல டயர் கிண்ணென்று லிவரை எகிறவிடும், காற்று இறங்கினது பொத்தென்று வாங்கிக்கொள்ளும். வீல் நட்டைச் சுற்றி துரு வழிந்த கோடு இருந்தால் நட்டு ஆடுகிறது. ஏர் டேங்க் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வடி, மழைக்காலத்தில் இதை விட்டால் பிரேக் மக்கர் செய்யும். ஏர் முழுக்க ஏறி, மீட்டர் முள் வந்து, பீப் சத்தம் நின்ற பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை எடு. புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ் 6 வண்டியானால், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட் ப்ளூ திரவம் எவ்வளவு என்று பார். அது தீர்ந்தால் வண்டி இழுவை குறைந்து மேட்டில் நின்றுவிடும்.

லோடு ஏற்றும் இடத்தில் தூங்காதே. எடை எங்கே விழுகிறது என்று நின்று பார். பின்னால் அதிகம் ஏறினால் ஸ்டியரிங் லேசாகிவிடும், முன்னால் ஏறினால் கை வலிக்கும். தார்ப்பாயை முன்பக்கம் மடித்து உள்ளே சொருகிக் கட்டணும், இல்லாவிட்டால் காற்று புகுந்து கிழித்துவிடும். கயிற்றை அஞ்சு பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒரு தடவை இறுக்கு, லோடு அதற்குள் அமர்ந்து கயிறு தளர்ந்திருக்கும். எடை மேடைச் சீட்டை வாங்கிப் பார்க்காமல் கிளம்பாதே. ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. சட்டத்தில் ஓட்டுகிறவனும் சேர்த்தி, ‘ஓனர் ஏற்றச் சொன்னார்’ என்பது செல்லாது.

பேப்பரில் ஆர்சி, எஃப்சி என்ற தகுதிச் சான்று, பர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் தேதி பார். போனில் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருந்தால் போதும், அசல் மாதிரியே ஏற்பார்கள். சரக்குக்கான ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லில் வண்டி நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படி. வண்டி மாறி லோடு ஏறினால் பழைய நம்பரே அதில் இருந்துவிடும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்குப் போட்டுத்தான் அதற்குக் கெடு, வழியில் வண்டி ரிப்பேராகி நின்றால் கெடு தாண்டுவதற்குள் ஆபீஸுக்குப் போன் செய்து நீட்டச் சொல். நம்பர் தப்பாக இருந்தால், ஆபீஸ் பையன் ‘போங்க அண்ணா, வழியில மாத்தி அனுப்பறோம்’ என்பான். கேட்டை விட்டு வெளியே எடுக்காதே. அங்கேயே நின்று மாற்றி வாங்கிக்கொண்டு கிளம்பு.